இணையத் தொலைபேசியும் அவசர அழைப்பும்

தொலைபேசி எதற்கு என்று வினவினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறுவர். வணிகர் வியாபாரத்துக்கு என்பார். மாணவன் பாடத்துக்கு என்பான். அவன் கூற்றை நாம் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாய் நீண்டு கிடக்கும் எங்கள் ஊர்களிலே ஒரு தாயை வினவினால், கடல் கடந்து இருக்கும் மகனின் முகத்தைப் பார்ப்பதற்கு என்பார். கட்டார், சவூதி அரேபியா, குவைத், துபாய் என்று பிள்ளைகள் பரந்திருக்கின்ற வீடுகளிலே வட்ஸ்அப்பும் இமோவும் இன்று அடுப்பும் அம்மியும் போல அன்றாடப் பொருளாகிவிட்டன. மாலையானால் வீட்டுக்கு வீடு திண்ணையிலே கைத்தொலைபேசி ஒன்று சுவரிலே சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதற்குள் இருந்து ஒரு மகன் பேசிக்கொண்டிருப்பான்.

அந்த மகன் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் ஓர் அபாயம் நேர்ந்தால் அந்தத் தொலைபேசி என்ன உதவி செய்யும்? இவ்வினாவை நான் ஏட்டிலே கண்டெடுக்கவில்லை. என் தலைமேல் வந்து விழுந்த வினா இது.

சென்ற ஆண்டு ஒருநாள், மஃரிப் தொழுகை முடித்து வீடு திரும்பியிருந்தேன். என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் தோஹாவிலிருந்து வட்ஸ்அப்பில் அழைத்தார். "சேர், உம்மாக்கு என்னமோ ஆகுது. வாய் ஒரு பக்கம் இழுக்குது. கதைக்க ஏலாம இருக்கா. ஊட்டுக்கு ஒருக்கா போங்க சேர்" என்றார். குரலிலே நடுக்கம். தாயோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த வேளையில் அவர் வாய் கோணுவதைத் தோஹாவில் இருந்த மகனே முதலிற் கண்டிருக்கிறார். அடுப்படியில் நின்ற மருமகளுக்கு அது தெரியவில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை நான் கோவையாக அறிந்தது மறுநாள்தான். மகன் தோஹாவிலிருந்தே 1990 என்ற எண்ணை அழுத்தியிருக்கிறார்; அழைப்புச் செல்லவில்லை. பதற்றத்தில் 999ஐ அழுத்தியிருக்கிறார். அது கட்டார் நாட்டின் அவசர எண். அங்கே பேசியவரிடம் கல்முனையைப் பற்றி என்னவென்று சொல்வது? வீட்டிலே மருமகளின் தொலைபேசியில் டேட்டா இருந்தது; ரீலோட் முடிந்திருந்தது. காசில்லாத தொலைபேசியால் சாதாரண அழைப்பு எதுவும் எடுக்க ஏலாது என்று எண்ணி, அவர் தம் சகோதரரை வட்ஸ்அப்பில் அழைத்தபடி இருந்திருக்கிறார். சகோதரரோ வயலில், அங்கே இணையம் எட்டவில்லை. அதிபராகிய நான் செய்தது என்ன? வாகனம் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு, ஒற்றைச் சரி அடையாளம் இரட்டையாக மாறுகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே வீதியில் நடந்தேன். குடும்பக் குழுவிலும் செய்தி போயிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உள்ள குழு. துஆச் செய்வதாக அனைவரும் எழுதினர். அம்புலன்ஸை அழைத்தவர் ஒருவரும் இலர். ஈற்றில், அயல் வீட்டுச் சிறுவன் ஒருவன், அம்புலன்ஸ் வண்டியின் மேல் தான் கண்டிருந்த எண்ணை நினைவுகூர்ந்து தன் தந்தையின் தொலைபேசியில் நான்கு இலக்கங்களை அழுத்தினான். வண்டி வந்தது. அதற்குள் ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழிந்திருந்தது.

அத்தாய் உயிர் பிழைத்தார். வலக்கை மட்டும் இன்னும் முன்போல் இயங்கவில்லை. மூளையின் குருதிக் குழாயில் அடைப்பு நேர்ந்தால், அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தல் வேண்டும் என்பது வைத்தியர்களின் கணக்கு. அதற்குள்ளும் எவ்வளவு முந்துகின்றோமோ அவ்வளவுக்கு நன்று. அந்த நாற்பது நிமிடம் வீணாகாதிருந்தால் அக்கை சுகப்பட்டிருக்குமா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் அக்கையைக் காணும்போதெல்லாம் என் கைத்தொலைபேசியின் நினைவே எனக்கு எழுகின்றது.

நேயர்களே, அவசர எண் என்பது வெறும் எண் அன்று. அதன் பின்னால் நிற்கும் ஓர் ஏற்பாடு. இதனை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் நகரின் விம்போல் வீதியில் ஒரு வீடு தீப்பற்றியது. ஐந்து பெண்கள் மாண்டனர். எதிர் வீட்டார் ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார்; ஆயின் இணைப்பு நிலையத்தில் அவருடைய அழைப்பு ஏனைய அழைப்புகளோடு வரிசையிலே காத்துக் கிடந்தது. திருமண அழைப்பும் தீ விபத்து அழைப்பும் ஒரே வரிசை! அவர் இந்த அவலத்தை டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். விசாரணை நடந்தது. 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் 999 என்ற எண் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. உலகின் முதலாவது அவசர எண் அதுவே. அந்த எண்ணை எவரேனும் சுழற்றினால் நிலையத்திலே சிவப்பு விளக்கு எரியும், எச்சரிக்கை ஒலி எழும். பணியாளர் மற்ற அழைப்புகளை விட்டுவிட்டு அதனை எடுப்பார். தொலைபேசி தானாகவே மனிதரைக் காப்பாற்றியதில்லை. அழைப்பை எவர் எடுப்பது, எங்கே அனுப்புவது என்று மனிதர் முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைத்திருந்த இடத்திலேதான் அது காப்பாற்றியது.

பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு இரண்டு நற்குணங்கள் உண்டு. அது ஒரு வீட்டோடு பிணைக்கப்பட்டது. இன்ன எண் என்றால் இன்ன வீதியில் இன்ன வீடு என்பது நிலையத்தின் ஏட்டிலே இருக்கும்; பேச முடியாமல் ஒருவர் விழுந்து கிடந்தாலும் அழைப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம். இரண்டாவது, அதற்கு வேண்டிய மின்சாரம் நம் வீட்டிலிருந்து போவதில்லை. தொலைபேசி நிலையத்தின் பற்றரிகளிலிருந்து 48 வோல்ட் அளவிலே அதே கம்பியின் வழியாக வந்துகொண்டிருக்கும். ஊர் முழுவதும் இருளில் மூழ்கினாலும் அத்தொலைபேசியின் காதில் ஒலி கேட்கும். கறண்ட் போனதும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, "இது வேலை செய்யுது" என்று பெரியவர்கள் ஆறுதல் அடைந்ததை என் பிள்ளைப் பிராயத்தில் கண்டிருக்கிறேன்.

இணையவழித் தொலைபேசி இவ்விரண்டையும் இழந்துவிட்டது. அதிலே நம் குரல் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் முகவரி ஒட்டப்பட்ட கடிதம்போல இணையத்தில் ஓடி, மறுமுனையில் ஒன்றாகக் கோக்கப்படுகின்றது. அந்த முகவரி நம் வீட்டின் முகவரி அன்று. நம் கணக்கின் முகவரி. அக்கணக்கை நாம் கல்முனையிலும் திறக்கலாம், கனடாவிலும் திறக்கலாம். எங்கிருந்தும் பேசலாம் என்ற வசதியே, எங்கிருந்து பேசுகின்றோம் என்பதை மறைத்தும் விடுகின்றது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இணைய முறையிலே இயங்கும் அழைப்புகள் யாவும் ஒன்றல்ல. தொலைபேசி நிறுவனமே ஃபைபர் கம்பி வழியாகவோ 4ஜி கோபுரம் வழியாகவோ தரும் குரல் அழைப்பும் உள்ளே இணைய முறையிலேதான் ஓடுகின்றது. ஆயினும் அது பொதுத் தொலைபேசி வலையமைப்பின் உறுப்பு. அதிலே 119 என்றோ 1990 என்றோ அழுத்தினால் அதனை உரிய இடத்துக்குக் கொண்டு செல்லும் ஏற்பாடு அந்நிறுவனத்திடம் உண்டு. வட்ஸ்அப், இமோ போன்றவை அத்தகையன அல்ல. அவை கணக்குக்கும் கணக்குக்கும் இடையே பேச்சை நடத்துபவை. ஒரு கழகத்தின் உறுப்பினர் தமக்குள் பேசிக்கொள்வது போன்றன. 1990 என்னும் சேவை அக்கழகத்தின் உறுப்பினர் அன்று. வட்ஸ்அப்பின் வழியாக அவசர சேவைகளை அழைக்க முடியாது என்பதை அந்நிறுவனமே தன் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றது. அந்த நிபந்தனைகளை வாசித்துப் பார்த்து "சம்மதம்" என்று அழுத்தியவர் எங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் அவரை நான் சந்திக்க விரும்புகின்றேன். ஸ்கைப் என்றொரு சேவை இருந்தது. 2025 மே மாதத்தில் அது மூடப்பட்டது. சாதாரண எண்களுக்குப் பேசும் வசதி அதில் இருந்தும், அவசர எண்களை அழைக்கும் வசதி சில நாடுகளில் மட்டுமே இருந்தது.

இந்தப் படிப்பினையை மேலைநாட்டார் இலேசாகப் பெறவில்லை. 2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டில் திருடர் புகுந்து தாய் தந்தையரைச் சுட்டனர். பதினேழு வயது மகள் இணையத் தொலைபேசியை எடுத்து 911 என்ற அவசர எண்ணை அழைத்தாள். உதவிக்குரல் வரவில்லை, இத்தொலைபேசியில் 911 கிடையாது என்று பதிவு செய்த குரல் கூறியது. அவள் அயல் வீட்டுக்கு ஓடினாள். பெற்றோர் பிழைத்தனர். டெக்சாஸ் மாநிலத்தின் சட்டமா அதிபர் வோனேஜ் என்னும் அந்நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு மே மாதமே, பொதுத் தொலைபேசியோடு தொடுக்கப்பட்ட இணையத் தொலைபேசி நிறுவனங்கள் அனைத்தும் அவசர அழைப்பு வசதியைத் தந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு கட்டளையிட்டது.

வசதி இருந்தும் பிழைக்கக்கூடும் என்பதற்குக் கனடா சான்று. 2008 ஏப்ரலில் கல்கரி நகரில் பதினெட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு உடல்நிலை திடீரென மோசமாயிற்று. வீட்டார் இணையத் தொலைபேசியில் 911ஐ அழைத்தனர். அழைப்பு எடுக்கப்பட்டது, அம்புலன்ஸும் அனுப்பப்பட்டது. எங்கே? அக்குடும்பத்தார் முன்பு குடியிருந்த, ஒன்ராறியோ மாகாணத்து மிசிசாகா நகரின் பழைய முகவரிக்கு! இரு நகர்களுக்கும் இடையே 2,500 கிலோமீட்டருக்கும் அதிக தூரம். வீடு மாறியபோது தொலைபேசியும் கூடவே வந்தது. ஏட்டில் இருந்த முகவரி வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, அயலாரின் தொலைபேசியில் மீண்டும் அழைத்தபின் சில நிமிடங்களில் வண்டி வந்தது. குழந்தை இறந்துவிட்டது. பிள்ளைகளைப் பெற்றவர் எவரும் இச்செய்தியை ஆறுதலாகக் கேட்க மாட்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1990 "சுவசெரிய" அம்புலன்ஸ் சேவை இந்திய அரசின் நன்கொடையோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் கிழக்கு உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது. அழைப்புக்கும் கட்டணம் இல்லை, வண்டிக்கும் கட்டணம் இல்லை. ஆகவே ரீலோட் தீர்ந்துவிட்டதே என்று அம்மருமகள் தயங்கியது தேவையற்ற தயக்கம். அவரை நான் குறை கூறவில்லை. அதனை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் படித்த பாடசாலையும் எங்கள் பாடசாலைதான். பொலிஸ் உதவிக்கு 119. வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117.

இந்த எண்களை அழைக்கும்போது, தொலைபேசியில் எண்களை அழுத்தும் சாதாரணப் பகுதியைத் திறந்து அழைத்தல் வேண்டும். வட்ஸ்அப்பைத் திறந்து அன்று. வெளிப்படையான செய்தியாகத் தோன்றலாம். ஆனால், பல வீடுகளில் சிறுவர்களுக்கு விளையாடக் கொடுக்கப்பட்டிருக்கும் பழைய கைத்தொலைபேசிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் சிம் இல்லை. வீட்டு வைஃபையிலே வட்ஸ்அப் மட்டும் ஓடும். வாப்பாவோடு நாள்தோறும் பேசும் பிள்ளை அதனை முழுமையான தொலைபேசி என்றே நம்பியிருக்கும். உம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழும் நாளிலே, வீட்டில் அப்பிள்ளை மட்டும் இருந்தால், அப்பிள்ளையின் கையில் இருப்பது தொலைபேசி அன்று, தொலைபேசியின் உருவம்.

மின்சாரத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. செப்புக்கம்பி இருந்த வீடுகளுக்கு இன்று ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதன் வழியே ஒளி ஓடும்; மின்சாரம் ஓடாது. ஆகவே கறண்ட் நின்றதும் ரௌட்டரும் நிற்கும். ரௌட்டர் நின்றால் மண்டபத்து மேசையில் அழகாக வீற்றிருக்கும் தொலைபேசியும் ஊமையாகும். 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு நீடித்த நாள்களை நாம் மறந்திருக்க மாட்டோம். ரௌட்டருக்கென்று விற்கப்படும் சிறு பற்றரிப் பெட்டியை அக்காலத்தில் பிள்ளைகளின் இணைய வகுப்புக்காகப் பலர் வாங்கினர். அது உயிர்காக்கும் கருவியும் ஆகும் என்று அன்று நானும் எண்ணவில்லை. கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்குப் பற்றரி உண்டு. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வீசியபோது நாட்டின் பல பகுதிகளில் தொலைத்தொடர்பு அறுந்து போயிற்று. அத்தகைய நாளிலே எந்த எண்ணும் உதவாது. அயலாரின் கதவே உதவும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேலாக, பறிகொடுத்த மாவட்டம் நம் அம்பாறை. அன்று யார் எவரைத் தொலைபேசியில் அழைத்தார் என்று எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. யார் எவர் கையைப் பற்றி இழுத்தார் என்றே பேசுகின்றனர்.

அழைப்புப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதனை எடுப்பவர் எங்கே இருக்கிறார்? 1990 சேவையின் கட்டுப்பாட்டு நிலையம் கொழும்பை அடுத்த இராஜகிரியவில் உள்ளது. எடுப்பவர் நம் ஊரைக் கண்டிராதவராக இருக்கலாம். அவருக்கு நாம் இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரிதல் வேண்டும். கல்முனை என்று மட்டும் சொன்னால், வடக்கே பூநகரியிலும் ஒரு கல்முனை இருக்கின்றது. பிரதான வீதி என்றால், பிரதான வீதி இல்லாத ஊர் எது? கடற்கரை வீதி என்றால், நம் கரையோர ஊர்களில் அதற்கும் பஞ்சமில்லை. மாவட்டம், ஊர், வீதி, அதன்பின் அண்மையிலுள்ள பாடசாலை அல்லது பள்ளிவாசலின் முழுப் பெயர் என்ற வரிசையிலே சொல்வது நன்று. நம்மவர் அழைப்பு எடுக்கப்பட்டதும் நோயைப் பற்றியே முதலிற் கதறத் தொடங்குகின்றனர். இயல்புதான். ஆயின் இடையிலே தொடர்பு அறுந்துவிட்டால், நோயை அறிந்து இடத்தை அறியாதவர் ஒன்றும் செய்ய இயலாது. இடத்தை அறிந்து நோயை அறியாதவர் வண்டியையாவது அனுப்பலாம்.

வெளிநாட்டில் இருப்போருக்கு ஒரு வார்த்தை. 1990, 119 போன்ற குறுகிய எண்கள் இந்நாட்டின் எல்லைக்குள் வாழ்பவை. கட்டாரில் 999ஐயோ, குவைத்தில் 112ஐயோ அழைத்தால் அந்த நாட்டின் வண்டியே புறப்பட ஆயத்தமாகும். அங்கிருந்து இங்கே அழைக்க வேண்டுமாயின் முழு எண் வேண்டும்: நாட்டுக்கு 94, கல்முனைப் பகுதிக்கு 67, அதன்பின் வைத்தியசாலையின் அல்லது பொலிஸ் நிலையத்தின் எண். இதனை முன்கூட்டியே தொலைபேசியில் பதிந்து வைத்தல் வேண்டும். அதனினும் எளிய வழி, தாய் வீட்டுக்கு அருகே வசிக்கும் இருவரின் சாதாரண எண்களை வைத்திருப்பது. என் மாணவர் என்னை அழைத்தது பிழையன்று. "சேர், நீங்கள் உடனே 1990ஐ அழையுங்கள்" என்ற ஒரு சொல்லை அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை, பிழை அங்கேதான்.

அந்நிகழ்ச்சிக்குப் பின்னர், எட்டாம் தரத்து மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, நம் ஊரை ஒருபோதும் கண்டிராத ஒருவருக்குத் தொலைபேசியில் உங்கள் வீட்டுக்கு வழி சொல்லுங்கள் என்றேன். "பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள வீடு" என்று எழுதினர் பலர். "பெரிய மாமரம் உள்ள வீடு" என்றான் ஒருவன். "சேருக்குத் தெரியும்தானே" என்று எழுதிக் கொடுத்தான் இன்னொருவன். அவன் வீடு எனக்குத் தெரியும் என்பது உண்மையே. ஒரு மாணவி மட்டும் மாவட்டம், ஊர், வீதி, பாடசாலைப் பெயர் அனைத்தையும் ஒழுங்காக எழுதியபின் கீழே இவ்வாறு சேர்த்திருந்தாள்: "எங்கள் ஒழுங்கை ஒடுக்கமானது. அம்புலன்ஸ் உள்ளே வராது. இரவு என்றால் தம்பியை டோர்ச் லைட்டோடு வீதிச் சந்தியில் நிறுத்தி வைப்பேன்."

அத்தாளைப் போன்ற ஒன்றை நான் எழுதிக்கொண்டுபோய் அம்மாணவரின் தாய் வீட்டிலே கொடுத்தேன். ரௌட்டர் மாட்டியிருக்கும் சுவரிலே அதனை ஒட்டியிருக்கிறார்கள். 1990 என்ற இலக்கங்களைப் பெரிதாக எழுதியவர் அத்தாய், இடக்கையால் எழுதியிருக்கிறார்.